ஒன்பது ஓமும் ஒரு பொய்யும்

கையை அழுக்குக்குள் விடாமல் தப்பிக்கத்தான் நான் கணக்கே கற்றுக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் நான். தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்த முதல் மழையிலேயே வோல்ட்டும் ஆம்பியரும் மண்டையில் ஏறிவிட்டன. இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது மோட்டார் எவ்வளவு தின்கிறது என்று தெரியும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது கம்பி கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று தெரியும். இஸ்திரிப் பெட்டிக்கு இந்த வகுத்தல் சரியாக வரும். ஓடுகிற மோட்டாருக்கு வராது; சுற்றும்போது அது கரண்டை எதிர்த்துத் தள்ளும். அதனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, மீட்டரை வைத்து ஓமைத் தனியாக அளக்க வேண்டும். ஆம்பியர் ஏறியிருக்கிறது, ஓம் மாறவில்லை என்றால் காயில், அதாவது உள்ளே சுற்றிய கம்பி, நன்றாக இருக்கிறது, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். சாக்கடையில் கிடக்கும் மோட்டாருக்கு என்ன நோய் என்பதை எட்ட நின்றே சொல்லிவிடலாம். எனக்கு அது போதும்.

மட்டாஞ்சேரியில் கடல் ஏற்றம் வந்தால் கால்வாய் பின்னோக்கி வீட்டுக்குள் வரும். கடல் தண்ணீர் என்று டூரிஸ்ட்டுகள் நினைத்துக்கொள்வார்கள். மீன் செதிள், எண்ணெய், எதிர்வீட்டுக் கக்கூஸ் எல்லாம் சேர்ந்த சாம்பல் நிறக் குழம்பு அது. சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

அன்று நான் போனது எங்கள் சந்திலேயே இருக்கும் ஒரு அக்கா வீட்டுக்கு. கார்ப்பரேஷனில் இருபது வருஷமாகத் துப்புரவு வேலை. மகளுக்குப் பிரசவமாகி மூன்றாம் நாள். நாலு மணிக்கு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வருகிறாள். வீட்டிலோ கணுக்கால் வரை சாக்கடை. மணி ஒன்றரை.

பின்வாசல் குழியில் மோட்டாரை இறக்கி சுவிட்சைப் போட்டேன். கால் மணி நேரம் நன்றாக இறைத்தது. பிறகு உறுமல் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. ஒயரில் மீட்டரைக் கவ்வவிட்டு, ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு, போனை எடுத்தேன்.

"எந்தாடா, கேம் ஆடுறியா?" என்றார் அக்கா.

"கணக்கு போடுறேன்கா. இருநூறு வோல்ட்டு, பன்னெண்டு ஆம்பியர். பெருக்கினா ரெண்டாயிரத்து நானூறு. இது எண்ணூறு வாட் தின்னுற ஜந்து. உங்க வீட்டுக் கொழம்பு அவ்வளவு ருசி போல."

"நாக்கை அறுத்துருவேன். வெள்ளம் இறங்குமா, அதைச் சொல்லு."

மோட்டார் கணக்கில் இன்னொரு எண்ணையும் பெருக்க வேண்டும். அக்காவுக்காக அதை விட்டுவிட்டேன். பிளக்கைக் கழற்றி ஓம் பார்த்தேன். ஒன்பது. மோட்டார் தலையில் முதலாளி பெயின்டால் எழுதியிருந்ததும் ஒன்பது.

"பாருங்க, கடையில எழுதினப்பவும் ஒம்பது, இப்பவும் ஒம்பது. நம்ம படிப்பு அப்படி."

பெருமை பேசிவிட்டுத்தான் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கவிழ்த்தேன். அடியில் இருக்கும் வாய்க்குள் மயிரும் சளியும் போல ஏதோ ஒன்று, மெத்தென்று, வீங்கி, லேசாக ஆடியது. ஒரு குமிழி வந்து உடைந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"காயில் போச்சுக்கா," என்றேன். "வெந்துருச்சு. கடைக்குக் கொண்டுபோயி வேற எடுத்துட்டு வரேன்."

கடையில் வேறு மோட்டார் கிடையாது. ஏற்றம் வந்த நாளில் ஒன்றுகூட மிஞ்சாது. அது எனக்குத் தெரியும்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த நாற்றத்துக்கு நடுவே, மோட்டாரின் தலையை மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"வெந்த நாத்தம் இல்லையேடா."

"இந்த நாத்தத்துல அது எப்படிக்கா தெரியும்?"

"எனக்குத் தெரியும். எந்த நாத்தம் எதுன்னு தெரியும். அப்பவும் ஒம்பது இப்பவும் ஒம்பதுன்னு நீதானே சொன்ன. வெந்திருந்தா அது மாறாதா?"

நான் மீட்டர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"கை விட அறப்பு, அருவருப்பு. அவ்வளவுதானே," என்றார். கோபமே இல்லை. நைட்டியின் கையை முழங்கைக்கு மேலே மடித்தார். "கொச்சுக் குழந்தையைத் தூக்கணும்னு காலையிலயே டெட்டால் போட்டுக் கழுவி வச்ச கை. சாரமில்ல, பரவாயில்ல. நகரு."

அந்தக் கையைப் பார்த்தேன். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். வளையலைக் கழற்றியிருந்தார்.

"வேண்டாங்கா, நானே விடுறேன். பிளக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு என் கண்ணு முன்னாடி நில்லுங்க."

"நிக்கிறேன். இன்னொரு பொய் சொன்னா பிளக்கை மாட்டிருவேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை வெதுவெதுப்பு. குளிர்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விரல்களுக்கு நடுவே அது நழுவி நழுவிப் போனது. இழுக்க இழுக்க வந்தது: முதலில் பெண்களின் முடி கயிறாக முறுக்கிக்கொண்டு, அதில் மீன் குடல், பால் பாக்கெட், கடைசியாக உப்பி வெடித்த ஒரு டயப்பர், ஜெல்லி ஜெல்லியாக. சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து மிச்சத்தையும் எடுத்தேன்.

"யாரோ வீட்டு வாரிசு," என்றார் அக்கா. "மதிடா, போதும், குடலைத் துப்பிராதே."

மோட்டாரை மறுபடி இறக்கினோம். இருநூற்று முப்பது வோல்ட், மூன்றரை ஆம்பியர். குழாய் ஒரு முறை இருமிவிட்டுக் கக்க ஆரம்பித்தது. மூன்று மணிக்குத் தரை தெரிந்தது. அக்கா துடைப்பத்தால் தள்ளினார். நான் பினாயில் ஊற்றினேன். நாலே காலுக்கு ஆட்டோ வந்தது. அதற்குள் அக்கா மறுபடி டெட்டால் போட்டுக் கழுவி, புடவை மாற்றி நின்றார். குழந்தையை வாங்கி உள்ளே போனார். துணிக்கு வெளியே சிவப்பாக ஒரு குதிகால் மட்டும் எனக்குத் தெரிந்தது.

நான் குழாயடியில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நகத்துக்குள் இருந்தது போகவில்லை. பிறகு அக்கா சாயாவோடு வந்தார். நான் கை நீட்டினேன். அவர் கிளாஸைப் படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"கையில தர மாட்டீங்களோ?"

"ராத்திரி பூரா நான்தானேடா குழந்தையைத் தூக்கணும். எடுத்துக் குடி."

இடது கையால் எடுத்தேன். சாயாவிலும் அந்த நாற்றம்தான் அடித்தது. முழுதும் குடித்தேன்.