பாடநூலில் நான் அடித்துவிட்ட பத்தி

என் பேத்திக்குப் பெயர் வைத்த அன்று, கூடியிருந்தவர்கள் முன்னால் என் மருமகளைச் சந்தேகத்துக்கு ஆளாக்கினேன். கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. நான்கு கட்டம்தான் வரைந்தேன்.

மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் நான். மனைவி போனபின், ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த மகனோடு அல்வாலில் வந்து தங்கினேன். மகனுக்கு அவன் அம்மாவின் பூனைக்கண். மருமகள் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப்பெண். அவளுக்கும் பூனைக்கண். குழந்தைக்கோ கருகருவென்ற கண்கள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மருமகளின் பெரியப்பா என்னை வம்புக்கு இழுத்தார்.

“என்ன வாத்தியாரே, ரெண்டு பூனை சேர்ந்து ஒரு கருவண்டைப் பெத்திருக்கு. உங்க சயின்ஸ் என்ன சொல்லுது?”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்லியே பழகிய வாய். அழைப்பிதழின் பின்பக்கம் கட்டம் போட்டேன். கருங்கண் ஓங்கு பண்பு, பூனைக்கண் ஒடுங்கு பண்பு. தாய் தகப்பன் இருவருக்கும் பூனைக்கண் என்றால் நான்கு கட்டத்திலும் பூனைக்கண்தான் வரும் என்று எழுதிக் காட்டினேன்.

“அப்போ இது?” என்றார் அவர்.

“பாடத்தின்படி வரக் கூடாது.”

சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையை மடியில் வைத்திருந்த மருமகள் என்னைப் பார்த்தாள்.

“அப்போ இது யாரோட கண்ணு மாமா? அதையும் எழுதிடுங்க.”

நான் பேனாவை மூடினேன். “அரே, நக்கோம்மா, வேணாம்மா, விளையாட்டுக்குச் சொல்றாரு” என்று பெரியப்பாதான் சமாளித்தார். மகன் அந்த அட்டையை எடுத்தான். கிழித்துப் போட்டிருக்கலாம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதை அவள் பார்த்தாள்.

மறுமாதமே, ஆபீஸ் பக்கம் என்று சொல்லி ஊரின் மறுகோடிக்குக் குடிபோனார்கள். மகன் மட்டும் மாதம் ஒருமுறை வருவான். பேத்தி நடந்ததையும் பல் முளைத்ததையும் அவன் செல்போனில் காட்டிய படங்களில்தான் பார்த்தேன். ஒரு ஆளுக்கு அரிசி போட்டால் குக்கரில் அடிப்பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மாலையில் பால்கனியில் உட்கார்ந்து, பேகம்பேட்டில் இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். புது விமான நிலையம் ஊருக்கு வெளியே வந்தபின் அந்தச் சத்தமும் போய்விட்டது.

ஒருநாள் பரணை ஒழித்தபோது என் பழைய பாடநூல் கிடைத்தது. மரபியல் பாடத்தைப் பிரித்தேன். நான்கு கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு பத்தி. கண்ணின் நிறத்தை ஒரே ஒரு மரபணு முடிவு செய்வதில்லை, பல சேர்ந்தே முடிவு செய்கின்றன, வெளிர் கண்ணுள்ள பெற்றோருக்குக் கருங்கண் பிள்ளையும் பிறக்கலாம் என்று இருந்தது. அதன்மேல் குறுக்காக என் பேனாக்கோடு. “இது பரீட்சைக்கு வராது, அடிச்சிடுங்க” என்று வருடாவருடம் வகுப்பில் சொன்னது நான்தான். அடித்து அடித்து எனக்கே மறந்துபோயிருந்தது.

பலர் முன்னால் செய்த தப்பைப் பலரிடமும்தான் திருத்த வேண்டும் என்று நினைத்தேன். அன்று வந்திருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். மருமகளின் சித்தி, “என்ன சந்தேகம்? யார்மேல?” என்றார். முதலிலிருந்து விளக்கிச் சொன்னேன். இப்படி இன்னும் இரண்டு மூன்று பேருக்கும்.

மறுநாள் மருமகள் கூப்பிட்டாள். எட்டு வருடத்தில் முதல்முறை.

“பாதிப் பேர் மறந்தே போயிருந்தாங்க மாமா. இப்போ எல்லாருக்கும் ஞாபகம் வந்துடுச்சு. கைக்கு மாமா, எதுக்கு இப்படி? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?”

“தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடு.”

“இனிமே யாருக்கும் போன் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுத்த மாதம் மகனோடு பேத்தியும் படியேறி வந்தாள். “அம்மா கார்ல இருக்காங்க. ஒன்லி டென் மினிட்ஸ், தாத்தா.” எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன், என் கண்ணும் கருப்புத்தான். கட்டம் வரைந்த அன்று ஒருவரும், நானும், என் கண்ணைப் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் ஆனதும் எழுந்து போனாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். காரின் கண்ணாடி இறங்கவில்லை.