எல்லாம் கேஸுதானுங்க

"மூட்டு வலிங்களா? அப்போ நல்லி எலும்பு வாங்கிக்குங்க." யாகூப் பாயின் வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கத்தி அங்கே வேலையை முடித்திருக்கும். கோட்டைமேட்டில் இருக்கும் அவருடைய ஆட்டுக்கறிக் கடையில் எத்தனை கிலோ என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் உடம்புக்கு என்ன என்று சொல்லியாக வேண்டும். மூச்சு இரைத்தால் நுரையீரல். ரத்தம் குறைவென்றால் சுவரொட்டி. மண்ணீரலுக்குக் கறிக்கடையில் அதுதான் பெயர். பிள்ளைக்குப் பரீட்சை என்றால் கேட்காமலே மூளையைப் பொட்டலம் கட்டிவிடுவார்.

உடம்பு எப்படி ஓடுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. "ஈரல்தானுங்க மொதலாளி. தின்னதையெல்லாம் வாங்கி, நல்லது கெட்டது பிரிச்சு அனுப்பும். கிட்னி வடிகட்டி. கொடலைக் கேவலமா நெனைக்காதீங்க, அதுதான் சமையக்கட்டு." இருதயம்? "அதைத் தனியா யாருங்க கேக்கறாங்க? ஈரலோட சேத்து நறுக்கிப் போட்டுருவேன்." ஆண்டவன் நெஞ்சுக்கூட்டுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்ததை மனிதர் கொசுறாக்கிவிட்டார்!

உறுப்புகள் எத்தனை இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை நோய் ஒன்றுதான். கேஸ். தலை சுற்றினால் கேஸ் மேலே ஏறிவிட்டது. முதுகு பிடித்தால் கேஸ் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. "கேஸுக்கு எங்கீங்க கதவு இருக்குது? ஒடம்பு பூராச் சுத்தும்." நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். எதிர்த்துப் பேசினால் பையில் எலும்பு அதிகமாக விழும்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். திடீரென்று கத்தி நின்றது. பாய் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "ஒன்னுமில்லீங்க, கேஸு" என்று ஒரு சோடாவை வாங்கிக் குடித்தார். ஏப்பம் வரவில்லை. இன்னொன்று குடித்தார். அதற்கும் வரவில்லை. மாடியைப் பார்த்து அவர் மனைவி ஹபீபுன்னிசாவைக் கூப்பிட்டேன்.

அந்த அம்மா போட்டது போட்டபடி இறங்கி வந்தார். "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரீங்க."

"ஞாயித்துக்கெழமை அம்மணி! யாவாரத்தை முடிச்சுப்போட்டு வாரேன். ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போயிரும்."

"ஏப்பம் வர்றதுக்குள்ள உங்களுக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

பின்னால் நின்ற ஒருவர், "எனக்கு மட்டும் அரைக்கிலோ போட்டுட்டுப் போகட்டுமே" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் யாரோ கூப்பிட்ட ஆட்டோ வந்து நிற்க, அந்த அம்மா பாயைக் கைபிடித்து ஏற்றிவிட்டார்.

நானும் ஏறிக்கொண்டேன். உக்கடம் தாண்டும்வரை பாய் வாயைத் திறக்கவில்லை. பேசாத யாகூப் பாயை நான் பார்த்ததே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஹபீபுன்னிசா மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து பாய் என் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்தார்.

"அடிக்குதுங்களா? பாத்துச் சொல்லுங்க."

"அடிக்குது பாய்" என்றேன்.

அப்படியும் என் கையை அவர் விடவில்லை.