படகுக்கு வெளியே சப்பாத்துகள்

மகள் வரைந்த விமானத்தில் மூன்று சன்னல்கள் இருந்தன. ஒன்றில் நான், ஒன்றில் அவள் அப்பா, நடுச்சன்னலில் அவள். எங்கள் குடும்பம் கனடாவுக்கு எப்படி வந்தது என்று திங்கட்கிழமை வகுப்பில் படத்தோடு சொல்ல வேண்டுமாம். அவள் மொன்றியலில் பிறந்தவள். அந்த விமானத்தில் அவளுக்கு இடமே கிடையாது. அதையாவது விடலாம். அவள் அப்பாவும் அதில் வரவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் விமானத்தில் வந்தவள். அவர் எனக்குப் பல வருடங்கள் முன்பே வந்தவர். ஊர்ப் போருக்குத் தப்பி அகதியாகக் கப்பலேறி, கப்பல்காரரால் உயிர்காப்புப் படகில் நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டு, அத்லாந்திக்கின் மூடுபனிக்குள் கிடந்து, மீன்பிடிக்காரர் கண்டெடுத்துக் கரை சேர்த்தவர். வந்த புதிதில், வேலை செய்த இடத்தில் யாரோ 'படகில் வந்தவன்' என்று சிரித்திருக்கிறார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டார். எனக்கே கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னார். மகளிடம் 'பிளேனில வந்தனான்' என்று ஒரேயடியாகச் சொல்லிவைத்திருந்தார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

படத்தைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியவரும் அவர்தான். "வடிவாக் கீறியிருக்கிறாய், குஞ்சு" என்று பாராட்டு வேறு. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சொல்லாமல் இருப்பது ஒன்று, பொய்யை ஒட்டிவைத்து அழகு பார்ப்பது வேறொன்று. திங்கட்கிழமை பிள்ளை இருபது பேருக்கு முன்னால் நின்று அந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்லப்போகிறாள். அதற்கு முன் அவர் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஆகவே திட்டம் போட்டுத்தான் கூட்டிப்போனேன். மெட்ரோவில் ஒரு விளம்பரம் பார்த்திருந்தேன். நாகத்தலை வைத்த நீளப் படகு. வைக்கிங்குகள் என்ற பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் உலகம், கண்காட்சி, தொட்டுப் பார்க்கலாம், உடுத்திப் பார்க்கலாம், படகிலும் ஏறலாம் என்று போட்டிருந்தது. அவரிடம் படகைப் பற்றி மூச்சுவிடவில்லை. "பழைய காலத்துச் சாமான்கள். பிள்ளைக்குப் படிப்புக்கு உதவும்" என்றேன். படிப்பு என்றால் அவர் எங்கும் வருவார்.

மார்ச் மாதம். பாதி உருகிய பனியை மிதித்துக்கொண்டு பழைய துறைமுகத்துக்கு நடந்து போனோம். கண்காட்சிக் கட்டடத்துக்குள்ளே சன்னல்களே இல்லை. மங்கலான வெளிச்சம், தார் வாசம், கம்பளி வாசம். ஓர் அறை முடிந்து இன்னோர் அறை தொடங்குவது தெரியவில்லை. மகளுக்கு இரும்பு வளையச் சட்டையை மாட்டிவிட்டார்கள். பாரம் தாங்காமல் ஆடி ஆடி நடந்தாள். திரிகைக் கல்லில் பார்லி அரைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே நின்ற பெண் எனக்கு மெதுவாகச் சொல்லித்தரத் தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் நான் மாவாக்கிவிட்டேன். அவர் மரக் கேடயம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இஞ்சாரும், இனி வீட்டில சண்டை பிடிக்க இது காணும்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள். எனக்கு உள்ளே குறுகுறுத்தது.

கடைசி மண்டபத்தில் படகு நின்றது. மூடுபனிபோல இருக்கட்டும் என்று விட்ட வெள்ளைப் புகை தரையிலிருந்து எழும்பி அதன் வயிறுவரை மூடியிருந்தது. எங்கிருந்தோ கடற்பறவைகள் கத்தின. விசிறிகள் ஈரக்காற்றை முகத்தில் அடித்தன. செந்தாடி ஒட்டிக்கொண்ட இளம் வழிகாட்டி, ஆயிரம் வருடங்களுக்கு முன் இப்படியான படகுகளில் இந்த மனிதர்கள் அத்லாந்திக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்தில் இறங்கினார்கள் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் உறைத்தது.

"இஞ்சாருங்கோ, வேண்டாமெண்டால் வெளியில போவம்" என்றேன்.

"பொறும்" என்றார்.

குனிந்து பனிச்சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். அவர் கடற்கரை ஊர்க்காரர். அவர் ஆட்கள் படகைக் கோயில்போல மதித்து வெறுங்காலோடுதான் ஏறுவார்கள், செருப்பு மணலில் நிற்கும். இரண்டு சப்பாத்தையும் சேர்த்து வைத்து, காலுறைகளை உள்ளே செருகிவிட்டுப் படகில் ஏறும் பலகையில் கால் வைத்தார். மகளும் கழற்றினாள், நானும் கழற்றினேன். பனிக்காலத்தில் வீட்டு வாசலிலேயே கழற்றிப் பழகிய இந்த ஊரில், சப்பாத்து வரிசையைக் கண்டால் யாருக்கும் கை தானாகக் காலுக்குப் போகும். எங்களுக்குப் பின்னால் நின்ற முதிய தம்பதி கழற்றினார்கள், அதற்குப் பின்னால் இரண்டு குடும்பங்கள். வழிகாட்டி வந்து வரிசையைப் பார்த்தான். புது விதி ஏதோ தனக்குச் சொல்லாமல் வந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ, தன் தோல் சப்பாத்தையும் கழற்றிவிட்டு ஏறினான்.

படகு மெல்ல ஆடத் தொடங்கியது. புகை முழங்காலுக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு. முன்னால் இருந்தவர்களின் முதுகுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. குழந்தைகளின் பிரெஞ்சு எங்கோ தொலைவில் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒரு வெள்ளைத் தூக்கத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"உங்களில் யாராவது படகில் இந்தக் கடலைக் கடந்ததுண்டா?" என்று வழிகாட்டி பகிடிக்குக் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"அப்பா, கையை இறக்குங்கோ" என்று மகள் கிசுகிசுத்தாள். "நீங்கள் பிளேனில எல்லோ வந்தனீங்கள்?"

"இல்லைக் குஞ்சு. நான் படகிலதான் வந்தனான்."

புகைக்குள் அந்தக் கையை வழிகாட்டி பார்க்கவில்லை. அவன் துடுப்பைப் பற்றிப் பேசப் போய்விட்டான். அவர் மகளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார். "இப்பிடித்தான் வெள்ளையா இருந்தது. பக்கத்தில இருக்கிறவன்ர முகமும் தெரியாது. இருமல் கேட்டால்தான் ஆள் இருக்கிறான் எண்டு தெரியும்."

"பயந்தனீங்களோ?"

"ஓம். நல்லாப் பயந்தனான்."

"அப்ப ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"வெக்கமா இருந்தது" என்றார்.

மகள் தன் வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு அவருடைய காலைப் பார்த்தாள். "அண்டைக்கும் இப்பிடிச் சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டோ ஏறினனீங்கள்?"

அவர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். "இல்லை. அவசரப்படுத்தி இறக்கினவங்கள். சப்பாத்துக் காலோடயே படகில குதிச்சிட்டன். இவ்வளவு நாளும் அது மனசுக்குள்ளயே கிடந்தது."

பசியைச் சொல்லியிருக்கிறார், குளிரைச் சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அழுதேன். புகை இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வெளியே வந்தபோது பலகையருகே ஒரே அமளி. எல்லாச் சப்பாத்தும் கறுப்பு, எல்லாவற்றிலும் பனி உருகத் தெருவில் தூவும் உப்பின் கறை. ஒரு கிழவர் என்னுடையதைப் போட முயன்று தோற்றுப்போய், மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தந்தார். மகள் மெட்ரோவில் வீடுவரை அப்பாவின் கையை விடவில்லை.

திங்கட்கிழமை காலை ஃபிரிட்ஜ் கதவில் புதுப் படம் இருந்தது. நாகத்தலை வைத்த படகு, உள்ளே நிறையக் கறுத்த தலைகள், மேலெல்லாம் வெள்ளைக் கிரேயான் தேய்த்த மூடுபனி. மூலையில் குட்டி விமானம், ஒற்றைச் சன்னல், அதில் தனியாக நான். படகைச் சுற்றிக் கடலின் மேல் சோடி சோடியாகச் சப்பாத்துகளை வரிசையில் நிறுத்தியிருந்தாள்.

அவர் வேலைக்குப் புறப்பட்டவர், சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"கடலுக்கு மேல சப்பாத்து நிக்குமே?" என்றேன்.

"நிக்கும்" என்றார். "நீர் சும்மா இரும்."