வாசலில் நின்ற கால்

கால் செய்து கொடுக்கிற தொழிலில் ஒரு சௌகரியம்: வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு எழுந்து நடந்து போனாலும் நமக்கு அது வெற்றிதான். செல்லூர்ச் சந்து ஒன்றில் இருக்கும் செயற்கைக் கால் பட்டறையில் நான் தோல்வார் தைக்கிறேன். மிஷினுக்குப் பக்கத்தில் தூளி, தூளிக்குள் என் மகன். ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் வேலை பார்க்கும் சகோதரிகளே, மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

பூட்ஸ் கால்

மாரியப்பன் அண்ணே கைத்தறி நெசவாளி. பஸ் விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. எங்கள் மாஸ்டர் கட்டையில் கால் செய்து, நுனியில் பளபளவென்று ஒரு பூட்ஸையும் சேர்த்தே பொருத்திக் கொடுத்தார். பட்டறைக்குள் அண்ணே ஜம்மென்று நடந்தார். இனி தறியில் உட்கார வேண்டியதுதான் என்று சந்தோஷமாக அனுப்பி வைத்தோம்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனால், வாசலில் செருப்புகளோடு செருப்பாக எங்கள் கால் நிற்கிறது! உள்ளே அண்ணே சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டிருந்தார். தறி சும்மா கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நெய்யாவிட்டால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். "அப்புறம் ஏண்ணே காலைக் கழற்றி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"பூட்ஸோட தறியில உக்காரச் சொல்றியா தங்கச்சி? தறி சாமில்ல!"

வெறுங்கால்

மாஸ்டர் தலையில் கை வைத்தார். பூட்ஸைப் பிடுங்கினால் உள்ளே வெறும் கட்டை. கடைசியில் டயர் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, செந்நிற ரப்பரில் ஐந்து விரலோடு பாதம் வார்த்தோம். அண்ணே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வம்சத்துலயே இம்புட்டுச் செவப்பா ஒரு கால் கிடையாது மாஸ்டர்!"

வெள்ளிக்கிழமை

அண்ணே தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். ஆனால் ரப்பர் காலுக்கு மிதிகட்டை இருக்கும் இடம் தெரியுமா? மிதித்த ஒவ்வொரு தடவையும் வழுக்கியது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் பையில் தோல்வார் இருந்தது, ஆனால் தறியில் தோல் படக்கூடாதே! இடுப்பில் இருந்த மகனை அண்ணே வீட்டம்மாவிடம் கொடுத்தேன். பையில் மடித்து வைத்திருந்த தூளிச் சேலையில் ஓரத்தைச் சர்ரென்று கிழித்தேன். மிதிகட்டையில் வளையமாகக் கட்டி, ரப்பர் பாதத்தை உள்ளே நுழைத்தேன்.

தடக். தடக். அப்புறம் நிற்கவே இல்லை. அண்ணே வீட்டம்மா என் மகனை முத்தமிட்டே நனைத்துவிட்டார். முதலாளி தொண்டையைச் செருமினார்.

"சரிப்பா, அடுத்த சேலைக்கு நூல் அனுப்புறேன்."

சான்றிதழ்

போன வாரம் நல்ல மழை. நான் அவர்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நெய்த சேலையைக் கொடுத்துவிட்டு அண்ணே சேறும் சகதியுமாக வந்து வாசலில் காலை வைத்தார். வீட்டம்மா அடுப்படியிலிருந்தே போட்டார் ஒரு சத்தம்:

"அப்படியே உள்ள வந்துராதீக! ரெண்டு காலையும் கழுவிட்டு வாங்க!"

நாங்கள் என்னதான் ஐந்து விரல் வைத்து வார்த்தாலும், வீட்டுக்காரி கழுவச் சொன்ன பிறகுதான் ரப்பர் காலாகிறது.