சும்மா காட்டிய படம்

மலிவு விலைக்குப் பேர்போன பெரிய கடை ஒன்று வீடியோ கேமிலும் இறங்குகிறதாம். "தனியா பெட்டி எதும் வாங்க வேணாம்மா, நெட்டுலயே ஆடிக்கலாமாம்," என்று மகள் செல்போனைப் பார்த்துச் சொன்னாள். எனக்குக் கம்பைநல்லூர் சந்தையின் புளிவாசம் வந்துவிட்டது.

அங்கே அப்பா படப்பெட்டி வைத்துப் பிழைத்தார். காசு கொடுத்து ஓட்டையில் கண் வைத்தால் ஊர் ஊராகப் படம் நகரும். ஒரு வருஷம் மலிவுக் கடைக்காரர் ஒருவர் புதுப்பெட்டி இறக்கி, சாமான் வாங்கியவர்களுக்குச் சும்மாவே காட்டினார். அம்மாவுக்குச் சோப்பு வாங்கப் போன நானும் பார்த்தேன். கண்ணை எடுத்தால் பக்கத்தில் அப்பா நிற்கிறார்.

"நம்ம பெட்டியவிட நல்லாருக்குதா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

அடுத்த சந்தைக்கு அவர் பெட்டியைத் தூக்கவில்லை. கல் உடைக்கப் போனார்.

மகளிடம் "நல்லாத்தான் இருக்கும்," என்று மட்டும் சொன்னேன்.