காந்தம் வைத்திருந்த அக்கா

பிள்ளைகளே, கிள்ளானில் உங்கள் அப்பாவான நான் வேலை செய்யும் சாயப்பட்டறைக்கு ஓர் ஆராய்ச்சியாளர் அக்கா வந்தார். எங்கள் கழிவுநீர் இன்னொரு முறை நீலமாக ஓடினால் அதிகாரிகள் பட்டறையை மூடிவிடுவார்கள் என்ற நிலை.

குட்டையான உருவம், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளே ஒரு காந்தம்.

குவளையில் நீலக் கழிவுநீரை எடுத்து, மிக நுண்ணிய இரும்புத்தூளையும் பெராக்சைடு என்ற திரவத்தையும் கலந்தார். இரண்டும் சேர்ந்து சாயத்தை உடைக்குமாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் வெளுத்துப் போனது! குவளைக்கு வெளியே காந்தத்தை வைத்தார். கறுப்புத்தூள் ஓடிவந்து ஓரமாக அப்பிக்கொண்டது. நான் கைதட்டிவிட்டேன்.

"முடிஞ்சிச்சு லா மேடம்! லோங்காங்ல விட்டுடலாம்!" என்று முதலாளி வெளியே ஓடும் சாக்கடையைக் காட்டிக் குதித்தார்.

"பொறுங்க பாஸ். கலர்தான் போயிருக்கு. ஒடஞ்ச சாயம் இன்னும் உள்ள இருக்கலாம். டெஸ்ட் பண்ணணும்."

"ஒண்ணுமே தெரியலையே மேடம்!"

"இரும்புத்துகள் ஒண்ணே ஒண்ண எடுத்தா அதுவும்தான் கண்ணுக்குத் தெரியாது. வேலை செய்யலையா?"

முதல் சோதனையில் நீர் தேறவில்லை. அக்கா மறுபடி வந்து கலவையை மாற்றினார், பிறகு தேறியது. பட்டறை பிழைத்தது.

இப்போதும் தெளிந்த நீரைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கை தட்டுவதற்கு முன், "டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று கேட்டுவிடுகிறேன்.