மழையில் திறந்த கூண்டுகள்

புறாவின் அலகை விரலால் பிளந்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தபடியே, "உக்காருங்க, நாற்காலிய மட்டும் துடைச்சுக்குங்க" என்கிறார் சீட்டக்கா. நாற்றம் இல்லை, வயிறு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து அதன் இறக்கையை விசிறிபோல விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். ஓர் இறகில் குறுக்காக மெல்லிய கோடு தெரிகிறது. அந்த இறகு முளைத்த நாட்களில் புறா சரியாகத் தின்னவில்லை, எதற்கோ மிரண்டிருக்கிறது. "அப்பத்தான் கீழ் வீட்டுல சுவத்த இடிச்சிட்டிருந்தாங்க" என்கிறார். கீழ் வீடு என்னுடையது. அவர் என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். நான்தான் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தேன்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் சீட்டக்கா என்ற பெயரைக் கேட்டுவிட்டு, மாதச் சீட்டில் சேர வேண்டும் என்று அவர் கதவைத் தட்டுவதுண்டு. "நான் போடுற சீட்டுல உக்காரத்தான் முடியும், ஏலம் எடுக்க முடியாது" என்று பட்டறையைக் காட்டுவார். பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பது அவர் தொழில். முன்னறை முழுக்க ரெக்சின் சுருள்களும் நுரைப்பஞ்சுப் பலகைகளும். அவர் தையல் இயந்திரம் ஓடும்போது எங்கள் வீட்டு அலமாரிப் பாத்திரங்கள் லேசாக ஆடும். ஐம்பதைத் தாண்டிவிட்டார், விரல் நுனிகள் காய்த்துப்போய்விட்டன. ஆனாலும் ஒரு குஞ்சின் தொண்டைப் பையைத் தொட்டதும், அது நிறைந்திருக்கிறதா பாதி காலியா என்று அந்த விரல்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

மாடிக்கு ஏறும்போது பித்தான் போன ஒரு பழைய காக்கிக் கோட்டை மாட்டிக்கொள்வார். ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்திலிருந்து நேராகப் புதுப்புடவையோடு மாடியேற, ஒரு புறாகூடக் கூட்டுக்குள் இறங்கவில்லையாம். "யாரோ வீட்டுக்கு வந்த ஆளுன்னு நெனச்சிருச்சுங்க" என்கிறார். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். புறாத்தூசி பட்டால் அவருக்குத் தும்மல் அடுக்கடுக்காக வரும். அதனால் மாடிப்படியின் நடுவில் நின்றே குடும்ப விஷயங்களைப் பேசி முடித்துக்கொள்வார். "மேல ஏறுனா தும்மல், கீழ இருந்தா திட்டு. எனக்குன்னு ஒதுக்கின எடம் இந்தப் படிதான்" என்பது அவர் புலம்பல்.

அக்காவின் புறாக்கள் வீட்டுக்கு மேலே வட்டமடித்துவிட்டு இறங்கும் ரகம் அல்ல. லாரியில் ஏற்றி, பகல் முழுக்கப் பறந்தால்தான் வந்து சேர முடியும் என்கிற தூரத்தில் திறந்துவிட்டால், தன் கூட்டைத் தேடித் திரும்பி வரும் பந்தயப் புறாக்கள். அப்படி ஒன்றை உருவாக்குவதற்கு அவர் படுகிற பாட்டைப் பார்த்தால், பெண்ணுக்கு வரன் தேடும் பெற்றோர் தோற்றுப்போவார்கள். ஆணையும் பெண்ணையும் நடுவில் கம்பிவலை வைத்த பெட்டியில் விட்டு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பிறகே வலையை எடுப்பார். ஜெயித்ததோடு ஜெயித்ததைச் சேர்க்கமாட்டார். "ரெண்டும் தலைக்கனம் பிடிச்சதுங்க. பொறக்கிறதெல்லாம் வேகமா பறந்து வேற ஊருக்குப் போயி நிக்கும்." வேகமான ஆணுக்கு, மெதுவாக வந்தாலும் எந்த வானத்திலும் வழி தவறாத பெண்ணாகப் பார்ப்பார். அதன் குஞ்சு, அந்தக் குஞ்சின் குஞ்சு என்று பொறுமையாகச் சேர்த்து வந்ததில் கிடைத்தவள்தான் 'மாமியார்'. சாம்பல் நிறம், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை. கூட்டின் மேல்தட்டு முழுவதும் தனக்கே என்று நிற்பாள். தான் வாய் வைக்காமல் வேறொருத்தி இரைத்தட்டைத் தொட விடமாட்டாள். பெயர் வைத்தது கணவர். யாருடைய மாமியாரை மனதில் வைத்து என்பதை மட்டும் இருவருமே சொல்ல மறுக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் வருடத்தின் நீண்ட பந்தயத்தில் அக்கா இரண்டாவதுதான். முதலிடம் அடுத்த தெரு வெல்டருக்குப் போய்விடும். "என்னுதுங்க வந்து கைப்பிடிச்சுவத்துல உக்காந்து, தல கோதி, அலங்காரமெல்லாம் முடிச்சுத்தான் உள்ள நுழையுது. அந்தத் தம்பியோடது நேரா வாசல்ல பாயுது" என்பார். வெல்டருக்கு முதல் ஜோடியைக் கொடுத்தவரே இவர்தான். தோற்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுவார். வெல்டரும் விடமாட்டார்: "ஆமாக்கா, உங்க ரத்தம்தான் உங்களையே ஜெயிக்குது."

இந்த வருடம் நடந்ததைச் சொல்லும்போது அக்காவின் குரல் உயரவில்லை. எழுதும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பந்தயத்தை நடத்தும் புறா வளர்ப்போர் சங்கத்தின் லாரி எல்லாருடைய புறாக்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. மாமியாருக்கு அப்போது கூட்டில் இறகு முளைக்காத குஞ்சு ஒன்று இருந்தது. குஞ்சு காத்திருக்கிற தாய் வழியில் எங்கும் உட்காராது என்பது அக்காவின் கணக்கு. வெல்டர் தன்னிடமிருந்த நல்ல புறாக்கள் அத்தனையையும் ஏற்றியிருந்தார், இனப்பெருக்கத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த ஜோடி உட்பட. லாரி போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, வீடு இருக்கும் திசையில் வானம் இருண்டு கிடந்தது. வானம் தெளியும்வரை கூண்டைத் திறக்கக் கூடாது என்பது சங்கம் தானே போட்டுக்கொண்ட விதி. ஒரு நாள் காத்திருந்தால் கூடுதலாக இரையும் தண்ணீரும் வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கூண்டுகள் திறக்கப்பட்டன.

அன்று மாலை நானும் மாடிக்குப் போயிருந்தேன். தன் மாடியைவிட இது உயரம் என்று வெல்டரும் வந்து நின்றார். இருட்டும்வரை ஓர் இறகுகூட வரவில்லை. கூட்டுக்குள் ஆண் புறா தனியாகக் குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை லாரி ஓட்டுநர் வந்தார். மேலே ஏறாமல் படியிலேயே நின்றார்.

"நான் சொன்னேன்க்கா. முன்னால போன லாரிக்காரங்களுக்குப் போன் போட்டுக் கேட்டேன். வழியெல்லாம் கொட்டுதுன்னாங்க. செயலாளர்கிட்ட அப்படியே சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"பெரியவர் வந்துட்டாரு, மதியம் அவருக்கு வேற எடத்துல கூட்டம் இருக்கு, காக்க வைக்க முடியாதுன்னாரு."

பெரியவர் என்றது, கூண்டைத் திறந்துவைக்க அழைத்திருந்த பிரமுகரை. புறாவுக்கும் அவருக்கும் இதற்கு முன்னால் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

"அங்க மழை இருந்துச்சா?" என்று அக்கா கேட்டார்.

ஓட்டுநர் தயங்கினார். "தூறல்தான். போட்டோ எடுக்கும்போது பெரியவருக்குக் குடை பிடிச்சாங்க."

"குடை பிடிச்சாங்க" என்று அக்கா திருப்பிச் சொன்னார்.

"நெம்புகோல இழுத்தது அவருதான். புறாங்க வெளிய வந்து வட்டம் போட்டுச்சு. போட்டுக்கிட்டே இருந்துச்சு, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாத மாதிரி. அவரு அழகா இருக்குன்னு கை தட்டுனாரு. செயலாளரும் தட்டுனாரு."

தன் தலை நனையக் கூடாது என்று ஒரு மனிதருக்குக் குடை வேண்டியிருந்தது. அதே மழைக்குள், கைக்கு அடக்கமான உயிர்களை அவரே திறந்துவிட்டார். அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நின்று கை தட்டிய செயலாளருக்குமா தெரியாது? டைல்ஸ் கடை நடத்தும் அவரும் வருடக்கணக்கில் புறா வளர்ப்பவர்தான். தன்னுடைய புறாக்களில் ஒன்றைக்கூட அவர் அந்த லாரியில் ஏற்றவில்லை என்பதை ஓட்டுநர் படியிறங்கும்போதுதான் சொன்னார்.

அன்று வெயில் சாயும் நேரத்தில் மாமியார் வந்தாள். வந்து இறங்கினாள் என்று சொல்ல முடியாது. கைப்பிடிச்சுவரில் மோதி விழுந்தாள். வால் இறகுகளில் பாதி இல்லை. ஏதோ கம்பியில் அடிபட்டு மார்பு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அக்கா அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு வெந்நீர் கேட்டார். படியைத் தாண்டாத கணவர் வெந்நீரோடு கூடு வரைக்கும் வந்துவிட்டார். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, அவர் தும்மிக்கொண்டே புறாவின் காலிலிருந்த ரப்பர் பட்டையைக் கழற்றினார். பந்தயத்துக்கு அனுப்பும்போது சங்கம் மாட்டிவிடும் பட்டை அது. சங்கம் கொடுத்திருக்கும் கடிகாரப் பெட்டியில் அதைப் போட்டால் வந்த நேரம் பதிவாகிவிடும். அவர் போட்டுவிட்டார்.

"யாரு போடச் சொன்னது?"

"இத்தன வருஷமா நீ இதுக்குத்தானே உசுர விட்ட. வந்துட்டா பாரு. பதியாம விடறதா?"

அக்கா குனிந்து, புறாவின் மார்பைத் தைத்து முடித்தார்.

சங்கம் குறித்திருந்த கெடுவுக்குள் வந்த ஒரே புறா அவள்தான். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக, நடை தளர்ந்து, எலும்பும் தோலுமாகச் சில வந்தன. வெல்டருக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் தினமும் மாலையில் அக்காவின் மாடிக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அக்கா கொடுக்கும் தேநீரைக் கையில் வாங்குவார், ஆறிப்போகும்வரை குடிக்கமாட்டார். தைரியம் சொல்லத் தெரியாத அக்கா, "உன் வாசல் கதவு தொறந்துதான இருக்கு?" என்று மட்டும் கேட்பார். "தொறந்துதான்க்கா இருக்கு" என்பார் வெல்டர்.

புறா தேறி, மறுபடி குஞ்சுக்கு ஊட்டத் தொடங்கியிருந்த ஒரு மாலையில் செயலாளரே நேரில் வந்தார். அதற்கு முன் அவர் அந்தப் படியை மிதித்ததே இல்லை. தூசி ஒட்டாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

"பெரிய கப்பு உங்களுக்குத்தான்மா. ஞாயித்துக்கிழமை விழா. பெரியவர் கையாலேயே குடுக்கச் சொல்லியிருக்கோம்."

"அவர் கையாலயா?"

"ஆமா. நீங்களும் மைக்குல ரெண்டு வார்த்த பேசணும். சில பேரு வெளிய கன்னாபின்னான்னு பேசிட்டுத் திரியறாங்க. மழை யார் கையில இருக்கு, நல்ல புறான்னா எப்படியும் வந்துடும்னு ஜெயிச்சவங்களே சொல்லிட்டா எல்லாம் அடங்கிடும்."

வெல்டர் கைப்பிடிச்சுவரின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நல்ல புறான்னா வந்துடும்" என்றார் அக்கா. "அப்ப இந்தத் தம்பியோடது எதுவும் நல்ல புறா இல்ல. உங்களோடது எல்லாத்துலயும் நல்ல புறா. லாரியிலயே ஏறல."

"அதுங்களுக்கு அப்ப உடம்பு சரியில்ல."

"எல்லாத்துக்குமா?"

செயலாளர் சிரிக்கப் பார்த்தார். "பந்தயம்னா நாலு போகும், நாலு வரும். நீங்க பாக்காததா?"

"பாத்திருக்கேன். பருந்து தூக்கியிருக்கு. கம்பியில அடிபட்டுச் செத்திருக்கு. அதுக்காக நான் யார் வாசல்லயும் போயி நின்னதில்ல. ஆனா இது அப்படிப் போகல. நாம தொறந்தா அது பறக்கும். போகவா வேணாமான்னு நம்மகிட்ட கேக்காது. அதனாலதான் தொறக்கிறவன் வானத்தப் பாக்கணும்கிறது. நீங்க குடையப் பாத்தீங்க."

படியில் நின்ற கணவர் மெதுவாகச் சொன்னார். "கப்ப வாங்கிக்கயேன். உனக்கு வரவேண்டியதுதானே."

"வரவேண்டியதுதான். இப்படி இல்ல."

செயலாளர் எழுந்துகொண்டார். குரலில் இருந்த குழைவு போய்விட்டது. "நீங்க வராட்டியும் விழா நடக்கும். வளையத்தச் சரிபார்க்கணும், புறாவ மட்டும் குடுத்தனுப்புங்க. மத்தத நாங்க பாத்துக்குறோம்."

வளையம் என்பது, குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகுமுன் அதன் காலில் நுழைத்துவிடும் அலுமினிய வளையம். கால் பருத்தபின் அதைக் கழற்ற முடியாது. அதில் பொறித்திருக்கும் எண்தான் சங்கத்தைப் பொறுத்தவரை அந்தப் புறா. அந்த எண்ணைப் பார்க்காமல் எந்தப் பரிசையும் அறிவிக்க முடியாது.

அக்கா கூட்டுக்குள் போய் மாமியாரை எடுத்து வந்தார். இடது கையில் அவளை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, இருக்கைச் சட்டங்களில் ஆணி பிடுங்குவதற்காக இடுப்பில் செருகியிருந்த குறட்டை உருவினார். செயலாளருக்குப் புரிவதற்குள் 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. வளையம் துண்டாகித் தரையில் விழுந்தது.

"என்னம்மா பண்றீங்க? இனிமே இது எந்தப் பந்தயத்துலயும் கலந்துக்க முடியாது."

"தெரியும்."

"நேரத்துக்கு வந்தது இது ஒண்ணுதான். இந்தப் பந்தயத்துல ஜெயிச்சதுன்னு சொல்ல ஒரு புறா இல்லாம போயிடும்."

"அதுக்குத்தான்."

செயலாளர் வெல்டரைப் பார்த்தார். படியில் நின்ற கணவரைப் பார்த்தார். கணவர் சுவரோடு ஒட்டி நின்று, அவர் இறங்கிப்போக வழிவிட்டார்.

வளையம் இருந்த இடத்தில் புறாவின் கால் தோல் வெளிறி, லேசாகப் பள்ளமாகியிருந்தது. செருப்புச் சத்தம் படியிறங்கிப் போய்க்கொண்டிருக்க, அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலை நாவில் நனைத்து, அந்த இடத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.